கோடு காட்டு, காரணம் சொல்றேன்

"கோட்ட மட்டும் காட்டு நைனா. ஏன் ஏறுச்சு, ஏன் எறங்குச்சு, யாரால எறங்குச்சு, மூணையும் நான் சொல்றேன். சொல்லலன்னா என் பேரு விமல்ராஜ் இல்ல."

ஒரகடம் கூட்ரோட்டு டீக்கடையில், கையில் பாதி கடித்த வடையுடன் பென்னலூர் விமல்ராஜ் செய்த பிரகடனம் இது. வெறும் வாய்ச்சவடால் அன்று. கார் பாகம் செய்யும் கம்பெனியில் அவர் தர ஆய்வாளர். ஒவ்வொரு ஷிப்டும் பலகையில் உற்பத்திக் கோடு வரைவார். கோடு சரிந்தால் கீழே 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டுப் பதில் எழுத வேண்டும் என்பது கம்பெனி விதி. மற்றவர்கள் எழுதினால் ஐந்தாவது ஏனில் தவறாமல் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி நிற்பார். விமல்ராஜ் மட்டும் ஒருமுறை, 'சூப்பர்வைசர் தூங்கியதால்' என்று எழுதினார். அந்த ஒரு வரியின் புகழிலேயே பல வருடம் டீ குடித்தார்.

இப்படிப்பட்ட மேதை உள்ளூரிலேயே முடங்கலாமா? நியூசிலாந்துக் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் தேர்வில், எழுத்துப் பகுதியில் ஆறு வாங்க வேண்டும். இங்குள்ள கம்பெனியிடம் அனுபவக் கடிதம் வாங்க வேண்டும். இரண்டும் கிடைத்தால் குடும்பத்தோடு விமானம். கிடைக்காவிட்டால், ஆளைக் குறைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் அதே கம்பெனி.

தேர்வில் வரைபடம் கொடுத்தார்கள். ஏதோ ஒரு தேசத்தில் கோழி, மீன், ஆட்டிறைச்சி தின்ற அளவு, மூன்று கோடுகளாக. விமல்ராஜுக்குச் சிரிப்பு வந்தது. இதுவா பரீட்சை? மீன் கோடு சரிந்ததற்கு ஐந்து ஏன் எழுதினார். ஐஸ் வண்டி தாமதம், குளிர்பதன அறையில் மின்தடை, பராமரிப்பு போதாது என்று இறங்கி, திருத்த நடவடிக்கையும் எழுதினார். பொறுப்பாளர்: மீன்பிடி சூப்பர்வைசர். கெடு: அடுத்த மாதம் பதினைந்து.

ஐந்தரைதான் வந்தது.

சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில், மாடியில் பயிற்சி வகுப்பு நடத்தும் ஏலவார்குழலி அந்தக் கட்டுரையை அவர் வாயாலேயே கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"சார், உங்கள யாரு காரணம் கேட்டது?"

"இன்னா மேடம், மீன் கொறஞ்சிகினே போவுது. ஏன்னு கேக்காம எப்டி?"

"மீன் உங்க கம்பெனி இல்ல சார். கண்ணுக்குத் தெரியறத எழுதுங்க. ஏறுச்சு, எறங்குச்சு, அப்படியே நின்னுச்சு. ஏன்னு எழுதினா மார்க் போயிடும்."

விமல்ராஜ் பயிற்சியில் இறங்கினார். கண்ணில் பட்டதையெல்லாம் வர்ணித்தார், காரணத்தை மட்டும் தொடாமல். மனைவி தேவிப்பிரியாவுக்குக் காய்ச்சல் வந்தபோது, தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "காலைலேர்ந்து படிப்படியா ஏறி, சாயந்தரம் உச்சத்த தொட்டுச்சு" என்றார்.

"யோவ், ஏன் ஜொரம்னு டாக்டராவது கேக்கட்டும். ஆட்டோவ கூப்புடு."

அடுத்த தேர்வில் ஆறரை. ஏலவார்குழலி மாணவர்களுக்கெல்லாம் கேக் கொடுத்தார்.

இனி கடிதம்தான் பாக்கி. மேலாளர் இராமச்சந்திரன், "அடுத்த வாரம் தரேன் விமல்" என்றார். அந்த வாரத்துக்குள் மாரிசெல்வியின் கை, தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷினுக்குள் போனது.

மாரிசெல்வி சாத்தூர்ப் பக்கத்துப் பெண், கான்ட்ராக்டில் இருந்தவள். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துவதற்கு ஒரு சென்சார் உண்டு. அது இருந்தால் மெஷின் அடிக்கடி நிற்கும். மாதக் கடைசியில் நின்றால் எண்ணிக்கை வராது. எனவே அதன் ஒயரைக் கழற்றிவிட்டிருந்தார்கள். ஒயர் தொங்கியதை விமல்ராஜ் கண்ணாலேயே பார்த்தார். சூப்பர்வைசர், "மாசக் கடைசி விமல், கண்டுக்காத" என்றார். அவரும் கண்டுகொள்ளவில்லை. கோடு அழகாக ஏறியது. பிறகு நான்கு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் மாரிசெல்வி கட்டுப்போட்ட கையை மார்போடு வைத்திருந்தாள்.

"அண்ணே, நான் தூங்கி விழுந்தேன்னு எழுதப் போறாகளாம். அப்படி எழுதிட்டா எனக்கு ஒண்ணும் கெடைக்காதாம். ஒயர் தொங்குனத நீங்க பாத்தீகல்ல?"

"பாத்தேன்மா."

"இத விசாரிக்கிற மீட்டிங்ல நீங்கதான் கோட்டப் பத்திச் சொல்லுவீகளாம். ஏன்னு கேக்காம விடமாட்டீகன்னு எல்லாரும் சொன்னாக. ஒரு வார்த்த சொல்லிருங்கண்ணே."

"சொல்றேம்மா. நீ படு."

மீட்டிங் அறையில் ஏசி நன்றாக வேலை செய்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது. இராமச்சந்திரன் விமல்ராஜை அன்போடு பார்த்தார்.

"உங்க லெட்டர் டைப் ஆயிடுச்சு விமல். முடிஞ்சதும் கையெழுத்து போட்டுத் தரேன். இப்ப இந்த கிராஃப சொல்லுங்க."

விமல்ராஜ் எழுந்தார். பலகையில் கோடு இருந்தது. பிழையில்லாத ஆங்கிலத்தில் பேசினார். மாதத் தொடக்கத்திலிருந்து உற்பத்தி படிப்படியாக உயர்ந்தது என்றார். கடைசி வாரத்தில் உச்சத்தைத் தொட்டது. பின்னர் ஒரே நாளில் செங்குத்தாகச் சரிந்தது. அதன் பிறகு பழைய நிலைக்குத் திரும்பி, அங்கேயே நிலைத்தது. ஏலவார்குழலி கேட்டிருந்தால் ஏழு போட்டிருப்பார்.

தலைமை அலுவலகத்துக்காரர் பேனாவைத் திறந்தார்.

"அன்னைக்கு ஏன் சரிஞ்சுது?"

விமல்ராஜ் கோட்டைப் பார்த்தார். இராமச்சந்திரனைப் பார்க்கவில்லை.

"கோட்டுல அது தெரியல சார்."

பேனா காகிதத்தில் ஏதோ எழுதியது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுத அதிக நேரம் பிடிக்காது.

சாயங்காலம் கடிதம் கிடைத்தது. விமல்ராஜ் கேட் வெளிச்சத்தில் நின்று பிரித்துப் பார்த்தார். பெயர் விமல்ராஜ் என்றே இருந்தது.