மீன் வண்டிக்குப் பின்னாடி மாமனார் காரு

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இப்போ எவ்ளோ சுளுவா சொல்லிட்டேன் பாருங்க. அன்னிக்கு இதைச் சொல்ல வாய் வரல. அதனால ராயபுரத்துலேர்ந்து காலடிப்பேட்டை வரிக்கும் ஒரு மீன் வண்டி என்னை இழுத்துகினு போச்சு.

ஆரம்பிச்சு வெச்சது எங்க அத்தை. பொண்ணு பாக்கப் போன எடத்துல, பையனுக்கு காரெல்லாம் ஓட்டத் தெரியும்னு அடிச்சு வுட்டாங்க. நான் கேசரியை முழுங்கிகினு கம்முனு இருந்தேன். பொண்ணு வூட்டுக்காரங்க, அவ தையல்ல கெட்டின்னாங்க. கல்யாணத்தோட ஒரு தையல் மிஷினும் வந்துச்சு. ஆனா அது ஒருநாளும் ஓடல. மொதல்ல பெல்ட்டு சரியில்லன்னு சொன்னா எங்க வூட்டுக்காரி, அப்பறம் ஊசி, அப்பறம் எண்ணெய். எல்லாத்தையும் நான்தான் வாங்கியாந்து குடுத்தேன்.

இப்படியே ரெண்டு வருஷம் தள்ளிட்டேன். சொந்தமா காரு இருந்தாத்தானே மாட்டுவோம்? ஹார்பர்லேர்ந்து ரிட்டயரான மாமனாரு, "அதான் மாப்ள கீறாரே"ன்னு ராயபுரத்துல ஒரு பழைய காரை வாங்கிட்டாரு. எங்க ரெண்டு பேரையும் போய், காலடிப்பேட்டையில இருக்கற அவரு வூட்டுக்கு ஓட்டியாரச் சொன்னாரு. மாப்ளயே ஓட்டியாறாருன்னு தெரு பூரா சொல்லியும் வெச்சுட்டாரு.

போய்ப் பாத்தா காரு ஸ்டார்ட்டே ஆவல. எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே! மூஞ்சியைச் சோகமா வெச்சுகினு, ஆசையா வந்தேனேன்னு உச்சு கொட்டினேன். அங்கதான் வந்து சேந்தான் என் தோஸ்து, காசிமேட்டுல மீன் வண்டி ஓட்டறவன். நான் வேணாம் வேணாம்னு சொல்லிகினு இருக்கும்போதே, மீன்புடி போட்டைக் கட்டற நைலான் கயித்தால காரைத் தன் வண்டிக்குப் பின்னாடி கட்டிட்டான், நாசமாப் போறவன். ஸ்டியரிங்கைப் புடிச்சுகினு, அவன் நின்னா நான் பிரேக்கு போட்டா போதுமாம்.

அவன் வண்டியில பிரேக் லைட்டு எரியல. அதுக்கும் ஒரு வழி கண்டுபுடிச்சான். எங்க வூட்டுக்காரியை மீன் வண்டியோட பின்பக்கம், காலிக் கூடைங்களுக்கு நடுவுல, என்னைப் பாத்தாப்புல ஒக்கார வெச்சான். கையில ஒரு அலுமினியத் தட்டு, ஒரு கரண்டி. ஒரு வாட்டி அடிச்சா நான் நிக்கணும், ரெண்டு வாட்டி அடிச்சா கெளம்பணும். ஆக, வழி பூரா அவ கண்ணு என் மேலதான்.

கல்மண்டபம் தாண்டறதுக்குள்ள டங்குனு ஒரு அடி. காலுக்குக் கெடைச்சதை அழுத்தினேன். காரு நிக்கல. குனிஞ்சு கீழ எத்தினி கீதுன்னு பாத்தேன். மூணு இருந்துச்சு. அதுக்குள்ள மீன் வண்டியில போய் முட்டிட்டேன், ஒரு கூடை அவ மடியில வுழுந்துச்சு. பிரேக்கு எதுன்னு தெரியாதாடான்னு தோஸ்து முன்னாடியிலேர்ந்து கத்தினான். நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. எறங்கிப் போய் அவன்கிட்ட ஏதோ கேட்டுட்டு வந்து ஒக்காந்தா.

டோல்கேட் வரும்போது ஒரே பொகை. டீக்கடை ஆளுங்க ஓடியாந்து பானட்டைத் தூக்கி ரெண்டு பக்கெட் தண்ணியை ஊத்தினாங்க. ஓடாத இஞ்சின்ல தண்ணி ஊத்தறீங்களேன்னு யாரும் கேக்கல, நானும் கேக்கல. பொகை வந்தது பின் சக்கரத்துலேர்ந்து. தோஸ்து வந்து கையை உள்ள வுட்டு ஹேண்ட் பிரேக்கை எறக்கிட்டு என்னையே பாத்தான். பழைய வண்டி, அதுவா ஏறிக்குதுன்னேன்.

அப்பறம் ரோடு பூரா கண்டெய்னர் லாரிங்க. மறுபடி டங்குன்னுச்சு. நான் குனியப் போனேன். அவ கரண்டியைத் தட்டுல வெச்சுட்டு, மூணு வெரலைக் காமிச்சு, நடுவுல இருக்கறதைத் தொட்டா. நான் நடுவுல இருந்ததை அழுத்தினேன். காரு நின்னுச்சு. எனக்கு மானமே போச்சு. அங்கேர்ந்து காலடிப்பேட்டை வரிக்கும் ஒவ்வொரு அடிக்கும் அந்த மூணு வெரலைக் காமிச்சுகினே வந்தா. அவளை நேராப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல, பாக்காமயும் இருக்க முடியல.

தெருமுனையில மாமனாரு சக்கரத்துக்கு வெக்க எலுமிச்சம்பழத்தோட நின்னுகினு இருந்தாரு. மீன் நாத்தத்தை மீறி தெருவே கூடிடுச்சு. எங்க வூட்டுக்காரி செதிலும் ஐஸ் தண்ணியுமா எறங்கினா. போச்சு, இப்போ எல்லார் முன்னாடியும் அவ போட்டு ஒடைக்கப் போறான்னு நெனச்சேன்.

"இன்னாம்மா, மாப்ள எப்டி ஓட்டினாரு?"ன்னாரு அவரு.

"அவரு நல்லாத்தான் ஓட்டினாருப்பா. வண்டிதான் ஓடல."

பின்பக்கம் குழாயடியில அவ கையைக் கழுவிகினு இருந்தா. நான் சோப்பை நீட்டி, அத்தை சொன்னது பொய்யின்னேன். அவ நிமிரக்கூட இல்ல.

"நம்ம வூட்டு மிஷின்ல நூலு எந்தப் பக்கம் கோக்கணும்னு எனக்கு இதுவரிக்கும் தெரியாது. இன்னொரு வாட்டி எண்ணெய் வாங்கியாறாத."