ஏலத்தில் ஐந்து சேவல்

ஓய்வுபெற்ற பிறகு குற்றவியல் நீதி படிக்கச் சேர்ந்தேன். அஞ்சல்வழிப் படிப்பு, அடிப்படைச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். ஒருமுறை தக்கலைப் பேருந்தில் குடையைத் தொலைத்துவிட்டுக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒரு ரசீது தந்தார்கள். அது முதல் தகவல் அறிக்கை இல்லையாம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதுதான் காரணம்.

“இந்த வயசுல ஏட்டு வேலைக்கா போகப்போறிய? தொப்பி தலையில நிக்காதே” என்றாள் என் மனைவி.

நான்கு புத்தகங்கள் பார்சலில் வந்தன. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் இரண்டு வெற்றுப் பக்கம். பாடங்களோடு ஒரு பயிற்சியும் இருந்தது. உங்களுக்குத் தெரிந்த ஒரு சிறு சம்பவத்தை விசாரித்து அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். எங்கள் தெருவில் சம்பவம் எதுவும் நடப்பதில்லை. எனக்குக் கவலையாகிவிட்டது.

அப்போதுதான் எங்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை வந்தது. சபையார் வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், கோழி என்று தங்கள் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் ஏலம் விடுவார்கள். ஏலத்துக்கு நான் நிற்பதே இல்லை. காதைச் சொறிந்தாலும் விலை கேட்டதாக எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? ஜெபம் முடிந்த கையோடு வீட்டுக்கு வந்துவிடுவேன். ஆனால் ஒலிபெருக்கி வீடு வரை கேட்கும். புள்ளியியல் அலுவலகத்தில் வேலை பார்த்த காது, சும்மா இருக்காது. அன்று பதினோரு வாழைக்குலை, நான்கு மூடு மரச்சீனி, ஐந்து சேவல் ஏலம் போயின.

மதியம் மனைவி வந்து, “மூணு சேவலும் நல்ல வெலைக்குப் போச்சு” என்றாள்.

மூன்றா? மீதி இரண்டு எங்கே? எனக்குச் சம்பவம் கிடைத்துவிட்டது. அவளிடம் மேற்கொண்டு கேட்கவில்லை. சாட்சியின் வாயில் விடையைத் திணிக்கக் கூடாது என்று மூன்றாம் பாடத்தில் இருந்தது.

கோழிகள் கோயில்குட்டியின் பொறுப்பில் இருந்தன. ஆலயத்தைப் பெருக்கி மணியடிப்பவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆள் புதிது, எங்கள் சபைக்கு வந்து இதுதான் அவருக்கு முதல் பண்டிகை. மறுநாள் காலை வளாகத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

“சேவல் எத்தனை வந்தது?”

“எண்ணல்ல சாரே. கொண்டு வந்தாவ, கூட்டுல போட்டேன். பெறவு பந்தியில சோறு விளம்பப் போயிட்டேன்.”

“கூடு பூட்டியிருந்ததா?”

“சேவலுக்கு எதுக்கு சாரே பூட்டு?”

கவனக்குறைவு என்று குறித்துக்கொண்டேன். “ஏலம் போனது அஞ்சு. இருந்தது மூணு. பாக்கி ரெண்டு எங்க?”

அவர் கையில் விளக்குமாறு நின்றுவிட்டது. “கமிட்டியில சொல்லிப்போடாதீங்க சாரே. எனக்க வேல போயிரும். பிள்ளைய இப்பம்தான் இங்க பள்ளியில சேத்திருக்கேன்.”

“விசாரணை முடியாம ஒண்ணும் சொல்ல முடியாது” என்றேன்.

குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரும் நிரபராதி என்பது முதல் பாடத்தின் முதல் பக்கத்தில் இருந்தது. நான் மூன்றாம் பாடத்துக்குப் போய்விட்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கால் கட்டிய இரண்டு சேவல்கள் கையில் தொங்கின. “நெய்யூர்ல போய் வாங்கினேன். கணக்கு சரியாவட்டும். ஆனா நான் எடுக்கல்ல சாரே.”

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். “இது என்ன, நம்ம வீட்டுல விருந்தா?”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரிக்க ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

“மக்கா, நீ போய்க் காசு குடுத்து வாங்கினியா? வந்ததே மூணுதான். ஏலம் எடுத்தவங்க கோயிலுக்கே திரும்ப வச்சிருவாவ. அத மறுபடியும் ஏலம் போடுவாவ. ஒரு வெள்ளச் சேவல் மட்டும் மூணு தரம் போச்சு.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “நாப்பது வருசமா இந்தக் கோயிலுக்குப் போறிய, இது தெரியாதா? எப்பிடித் தெரியும்? ஏலம் தொடங்குமுன்ன செருப்ப மாட்டிட்டு ஓடுற ஆளு!”

“மைக்கில் சொல்லவில்லையே” என்றேன்.

“திரும்பக் குடுக்கியத மைக்குலயா விளிச்சுச் சொல்லுவாவ? அந்த வெள்ளச் சேவல ரெண்டாவது எடுத்தது நான்தான்.”

எவ்வளவுக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அது அதற்கான நேரமில்லை.

“தப்பு என்னுடையது” என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். “அப்பம் எனக்க பேருல ஒண்ணும் இல்லையே சாரே?”

“ஒன்றுமில்லை.”

“தீர்ப்பு வந்தாச்சு” என்றாள் மனைவி. “ஏட்டையா, அவருக்கு ஒரு சாயா போடட்டா?”

சாயா குடித்தார். ஆனால் சேவல்களைத் திரும்ப எடுத்துப் போக மறுத்துவிட்டார். கோயிலுக்கு என்று நினைத்து வாங்கியது கோயிலுக்குத்தானாம். விலையை நான் நீட்டியபோதும் வாங்கவில்லை. பிறகு அவர் வீட்டம்மாவிடம் என் மனைவி எப்படியோ கொடுத்துவிட்டாள். எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை சொல்லவில்லை. அது வேறு உறுத்துகிறது.

அறிக்கையில், ‘குற்றம் எதுவும் நடக்கவில்லை, பிழை விசாரித்தவருடையது’ என்று எழுதி அனுப்பினேன். தேர்ச்சி போட்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து அந்த இரண்டு சேவல்களும் ஏலத்துக்கு வந்தன. மனைவியின் உத்தரவுப்படி நான் நின்றேன், காதுப் பக்கம் போகாதபடி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு. கோயில்குட்டி சேவல்களைத் தூக்கி வந்து நேராக என் முன்னால் நிறுத்தினார்.

“சாரே, இப்பமே நல்லா எண்ணிக்கிடுங்க. பெறவு வந்து கேக்கப்பிடாது.”

பெண்கள் பக்கமிருந்துதான் முதலில் சிரிப்பு வந்தது. அங்கே யார் சொல்லிவைத்திருப்பார்கள் என்பதற்கு விசாரணை தேவையில்லை. கமிட்டிக்காரர்கள் என்ன சங்கதி என்று எட்டிப் பார்த்தார்கள். மைக்கை வாங்கிக்கொண்டேன்.

“சேவல் ரெண்டு” என்றேன். “ரெண்டும் இவருடைய காணிக்கை. பண்டிகைக் கணக்கில் ஒரு குறையும் கிடையாது. எண்ணத் தெரியாமல் இவரைச் சந்தேகப்பட்டது நான்.”