டிஸ்க்கைக் கழட்டினது யாரு?

என் கணவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. "நாலு பக்கம் கழிச்சுச் சொன்னா, படிக்கிறவங்க உச்சுக் கொட்டுவாங்க. முதல்லயே சொல்லிட்டு வேலையப் பாரு" என்றார். சொல்லிவிட்டேன். இனி வேலையைப் பார்ப்போம்.

அவர் வேலை செய்வது ஒலி நூலகத்தில். டயர் கடைக்கு மேலே மூன்று அறைகள். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களைச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்யும் இடம். இரண்டு அறைகளில் எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க நுரைப் பலகை ஒட்டியிருக்கும். பதிவு நடக்கும்போது மின்விசிறி ஓடக் கூடாது. கீழே காற்றடிக்கும் சத்தம் கேட்டால் அந்த வரியை மறுபடி படிக்க வேண்டும். உள்ளே போனவர் வெளியே வரும்போது தொப்பலாக நனைந்திருப்பார். மூன்றாவது அறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு தொலைபேசி, இவர். மாணவர்கள் போனில் கேட்கிற பாடத்தைத் தேடி எடுத்து அனுப்புவதால் இவருக்கு ஆப்பரேட்டர் என்று பெயர்.

நான் அங்கே வரலாற்றுப் பாடம் படித்துப் பதிவு செய்யப் போனவள். முதல் நாளே, "மேடம், கமா வர்ற எடத்துல கொஞ்சம் நில்லுங்க. பஸ் ஒண்ணும் போயிடாது" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடுத்த வருடம் இருவரும் கல்யாணம் செய்துகொண்டோம்.

அந்தக் கம்ப்யூட்டர் யாரோ கொடுத்த பழசு. விண்டோஸைத் தாங்காது என்று லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார்கள். திரையில் இருப்பதை எல்லாம் அது இவர் காதில் வாசித்துக் காட்டும், அதுவும் பொரிந்து தள்ளுகிற வேகத்தில். எனக்கு ஒரு சொல் பிடிபடாது. இவர் தலையாட்டிக்கொண்டே கேட்பார்.

ஒரு மழைக்காலக் காலையில் அதனுள்ளிருந்த டிஸ்க் டக் டக் என்று அடித்துக்கொண்டு நின்றுபோனது. சில மாதப் பதிவுகள் மொத்தமும் போயின. அதில் கெமிஸ்ட்ரி சார் அட்டை முதல் அட்டை வரை படித்திருந்த வேதியியல் புத்தகமும் ஒன்று. ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல மனிதர், வாய்விட்டுச் சிரிப்பவர். அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை. நுரை அறைக்குள் போய் முதல் பாடத்தை மறுபடி தொடங்கினார்.

புது டிஸ்க்கோடு வெளியே செருகுகிற டிஸ்க் ஒன்றையும் வாங்கினார்கள். தினமும் கிளம்பும் முன் அவரவர் பதிவை அதில் நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று நூலகச் செயலாளர் அம்மா உத்தரவு போட்டார். ஒரு வாரம் நடந்தது. பிறகு ஒருவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார், இன்னொருவர் நாளைக்குப் பார்க்கலாம் என்றார். நானும் அந்த இன்னொருவரோடு சேர்த்திதான்.

"மனுஷங்கள நம்பினா இது ஆகாதும்மா. மறக்கத் தெரியாத ஒண்ணுகிட்ட ஒப்படைக்கணும்" என்று இவர் செயலாளரிடம் போய் நின்றார்.

"யாரையாவது கூப்பிட்டுச் செய்யச் சொல்லலாமே?"

"நான் செய்யறேன். இதுல மவுஸ் வேண்டாம், படம் வேண்டாம், எல்லாம் வார்த்தைதான். எனக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கு."

அது உண்மை. அம்புக்குறியும் படங்களும் இவருக்கு எந்நாளும் தொல்லைதான். கட்டளைகளைத் தட்டுகிற, நாங்கள் பார்த்துப் பயப்படுகிற அந்தக் கறுப்புத் திரையில் இவர் சொந்த வீட்டில் நடப்பது போல நடந்தார். கட்டளைகளை விளக்கும் பக்கங்களை மணிக்கணக்காகக் கேட்டார். வீட்டில் துணி மடிக்கும்போதுகூட முணுமுணுப்பு.

"என்னங்க அது, கோடு கோடுன்னு?"

"நகல் எடுக்கிற கட்டளை. பேர் ஆர்சிங்க். ஃபோல்டர் பேருக்குப் பின்னால சாய்கோடு போட்டா, வீட்டுக்குள்ள இருக்கிற சாமானை மட்டும் தூக்கிட்டுப் போகும். போடலேன்னா வீட்டையே தூக்கிட்டுப் போயிடும்."

"நம்ம வீட்டுக்குப் போட்டுடாதீங்க."

"உன் பாத்திரத்த எல்லாம் அதால தூக்க முடியாது, பயப்படாத."

கட்டளைகளை ஒரு சின்ன ஸ்கிரிப்டாக எழுதினார். குறித்த நேரத்தில் தானாக அதை ஓட்டுவதற்கு லினக்ஸிலேயே க்ரான் என்று ஒன்று உண்டு. சாயங்காலம் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவார்கள் என்பதால் மதியச் சாப்பாட்டு நேரத்தைக் குறித்தார். முதல் நாள் சாப்பிடாமல் வெளி டிஸ்க்கின் மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நேரம் வந்ததும் அந்தப் பெட்டி லேசாக அதிர்ந்தது. "ஓடுது!" என்று எழுந்து நின்றுவிட்டார். நானும் விரலை வைத்துப் பார்த்தேன். பூனை வயிற்றைத் தொட்ட மாதிரி இருந்தது.

சில நாள் கழித்து, வேலை முடிந்தது என்று கம்ப்யூட்டர் சொன்னது. ஆனால் இவர் விரலுக்கு அதிர்வே தட்டவில்லை. வயரைத் தடவிக்கொண்டே போனார். டிஸ்க்கின் வயர் தொங்கியது. அது இருந்த இடத்தில் யாருடைய போனோ சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. வெளி டிஸ்க் இல்லாததால் நகல் முழுவதும் உள் டிஸ்க்கிலேயே, அதே பெயருள்ள காலி ஃபோல்டரில் போய் விழுந்திருந்தது. ஒரே பெட்டியில் அசலும் நகலும். உள் டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும்.

வேறொருவர் என்றால் கத்தியிருப்பார். இவர் நுரை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ பதிவு செய்துவிட்டு வந்து, ஸ்கிரிப்டில் இரண்டு வரி சேர்த்தார். அடுத்த வாரம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் இவர் குரல் கட்டடமே அதிர முழங்கியது: "வெளி டிஸ்க் இல்ல! நகல் எடுக்கல! டிஸ்க்கைக் கழட்டினது யாரு?"

கெமிஸ்ட்ரி சார் வாயில் சோற்றோடு எழுந்து ஓடினார். "நான்தாம்பா, நான்தான்! போன் செத்துப்போச்சு!" டயர் கடைக்காரர் மாடிப்படி ஏறி வந்து, என்ன சண்டை என்று விசாரித்தார். அன்றிலிருந்து அந்த வயரை யாரும் தொட்டதில்லை.

இவருக்கு இன்னும் திருப்தி இல்லை. "யாராவது தப்பா எதையாவது அழிச்சிட்டா? நகல்லயும் அழிஞ்சுதானே போகும்?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யோசித்தார். கடைசியில் ஒவ்வொரு நாளுக்கும் தேதி போட்டுத் தனி ஃபோல்டர் என்று மாற்றினார். டிஸ்க் நிரம்பிவிடாதா என்று கேட்டேன். மாறாத ஃபைலை அது மறுபடி நகல் எடுக்காது, முன்பு எடுத்ததையே புது ஃபோல்டரிலும் காட்டும் என்றார். எனக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே பெருமையாக இருந்தது.

பரீட்சைக்குச் சற்று முன்னால் ஒரு மாணவி வேதியியலில் ஒன்பதாம் பாடம் கேட்டாள். தேடினால் புத்தகமே இல்லை. சாரைக் கேட்டோம். அவர் முகம் வெளுத்துவிட்டது. தடுமாறிப் படித்த பழைய பதிவுகளைக் கழிக்கிறேன் என்று போன வாரம் ஃபோல்டரையே அழித்திருக்கிறார்.

"ரெண்டாவது தடவையும் போச்சா?" என்று நாற்காலியில் சரிந்தார். "மூணாவது தடவ படிக்க எனக்குத் தெம்பு இல்லப்பா."

"யாரு சார் உங்களப் படிக்கச் சொன்னது?" என்றார் இவர். விரல்கள் விசைப்பலகையில் ஓடின. காதில் கம்ப்யூட்டர் தேதிகளைப் பொரிந்து தள்ளியது. போன வாரத்துக்கு முந்தைய தேதி ஒன்றில் நிறுத்தினார். ஒரு வரி தட்டினார். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியிலிருந்து சாரின் குரல் வந்தது. ஒன்பதாம் பாடம், கரிமச் சேர்மங்கள். நடுவில் ஒரு இருமல்.

"என் இருமல்கூட அப்படியே இருக்குய்யா!" என்று சார் துள்ளி எழுந்து இவரைக் கட்டிக்கொண்டார். பிறகு அவருடைய அந்தச் சிரிப்பு. செயலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அழவில்லை. "என் வீட்டுக்காரர்" என்று மட்டும் அங்கே புதிதாக வந்திருந்த ஒரு அம்மாளிடம் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை, நானாகச் சொன்னேன்.

செய்தி பரவி வேறு இரண்டு ஊர் ஒலி நூலகங்கள் இவரை அழைத்தன. ரயிலில் தனியாகவே போய் அமைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அங்கிருந்து யாராவது உதவி கேட்டால் இப்போதும் போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லித் தட்டச் சொல்கிறார்.

இப்போது புதுக் கவலை. கட்டடத்தில் தீப்பிடித்தால் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து போகுமாம். அதனால் மூன்றாவதாக ஒன்று வாங்கி, வெள்ளிக்கிழமைதோறும் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருகிறார். என் துணி அலமாரியின் நடுத்தட்டு அதற்குப் போய்விட்டது.

"அங்க வேற எதையும் வெக்காதே, ஈரம் படும்" என்கிறார்.

"சரிங்க ஆப்பரேட்டர்" என்கிறேன்.