வீட்டுக் கம்பி கேட்கும் அடார்க்வா

அடார்க்வா முதலில் பூட்டைப் பார்ப்பதில்லை. வீட்டுக்காரியின் தலையைத்தான் பார்ப்பார். அங்கே ஒரு கொண்டை ஊசி இருந்தால், "அதைக் கழட்டிக் குடும்மா" என்று கை நீட்டுவார். சாவியைத் தொலைத்துவிட்டுப் பதறி நிற்கிறவள் எதற்கென்று புரியாமல் விழிப்பாள். அதற்குள் அவர் வாசற்படியில் குந்தி, ஊசி முனையில் இருக்கும் பிளாஸ்டிக் குமிழைப் பல்லால் கடித்துத் துப்பியிருப்பார்.

ஊசி இல்லையென்றால் குடை இருக்கிறதா என்பார். குடையும் இல்லையா, ஒரு சைக்கிள் கம்பி, மத்தி மீன் டப்பாவின் மூடி, கார் கண்ணாடியைத் துடைக்கிற ரப்பருக்குள் ஒளிந்திருக்கும் எஃகுப் பட்டை, எதுவானாலும் சரி. படியில் வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு, கல்லில் பத்துத் தேய்ப்பு. ஒன்றை வளைத்துப் பூட்டின் வாயில் செருகி மெல்ல அழுத்திப் பிடிப்பார். இன்னொன்றை உள்ளே விட்டுத் துழாவுவார். அப்போது கண்ணை மூடிக் கீழுதட்டை முன்னே தள்ளிக்கொள்வார், சூடான கஞ்சியை ஊதிக் குடிக்கிற குழந்தை மாதிரி.

கானாவின் கும்மாசி நகரத்தில் பந்தாமா சந்தைக்குப் பின்னால், 'அவர் கிருபை சாவிக் கடை' என்று பலகை மாட்டிய மரப்பெட்டிதான் அவர் கடை. லண்டனிலிருந்து மைத்துனன் அனுப்பிய பூட்டுத் திறக்கும் கம்பிகள் தோல் உறைக்குள் பளபளவென்று அங்கே தூங்குகின்றன. அவற்றை அவர் தொட்டதே இல்லை. ஏன் என்று கேட்டால், "அது கடைக் கம்பி. அதுக்கு யார் வீடும் தெரியாது" என்பார்.

ஏதோ தத்துவம் என்று நினைத்துவிட வேண்டாம். எட்டு வருஷத்துக்கு முன் டை கட்டிய ஒருவன் வந்து, "மாஸ்டர், என் வீட்டுச் சாவி போச்சு" என்றான். அடார்க்வா போய்த் திறந்துவிட்டார். மறுநாள் உண்மையான வீட்டுக்காரர் போலீஸோடு கடைக்கு வந்தார். ஸ்டேஷன் பெஞ்சில் இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்ததில் பிறந்ததுதான் இந்தச் சட்டம். திறக்கச் சொல்கிறவர் அந்த வீட்டுச் சாமான் ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். அதை உயர்த்திப் பிடித்து, "இது யார் வீட்டுச் சாமான்?" என்று முற்றத்துக்கே கேட்கும்படி கத்துவார். அந்தப் பக்கத்து வீடுகளில் ஒரே முற்றத்தைச் சுற்றிப் பத்து அறை, பத்துக் குடும்பம். யார் சட்டியில் என்ன வேகிறது என்று எல்லாருக்கும் தெரியும்போது குடை தெரியாமலா போகும்? மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் திறப்பார். எட்டு வருஷம் இந்தச் சட்டம் அவரைக் காப்பாற்றியது. போன வியாழக்கிழமை காலைவாரிவிட்டது.

அன்று காலை ஒன்பதரைக்குக் கடை முன்னால் போக்குவா வந்து நின்றாள். டிரைவர் டாச்சியின் மனைவி. டாச்சி இறந்து நாலு நாள்தான் ஆகிறது.

"மாஸ்டர், எங்க ரூமைத் திறக்கணும். மகளுக்கு நர்ஸ் படிப்புல இடம் கிடைச்சிருக்கு. ஒரிஜினல் சர்டிபிகேட்டை இன்னிக்கு மத்தியானம் பன்னெண்டுக்குள்ள காட்டணும். இல்லன்னா அடுத்தவளுக்குக் குடுத்துடுவாங்க."

"சாவி?"

"அவர் அக்காகிட்ட. சாவு சொல்ல ஊர் ஊரா போயிருக்காங்க. போன் பண்ணினா, 'என் மடியிலதான் பத்திரமா இருக்கு'ங்கறாங்க. ஒரு வாரக் கூட்டத்துக்குத்தான் வருவாங்களாம்."

செத்தவனின் அறையை அவன் தாய்வழிக்காரர்கள் பூட்டுவதும், ஒரு வாரத் துக்கக் கூட்டம் முடிந்த பிறகே உள்ளே இருப்பதைப் பார்ப்பதும் அடார்க்வாவுக்குப் புதிதல்ல. அங்கே சொத்து பிள்ளைகளுக்கு அல்ல, சகோதரி மக்களுக்குத்தான். அவருடைய கடையே தாய்மாமன் செத்தபோது இப்படி வந்ததுதான். மாமாவின் பிள்ளைகள் அன்று எங்கே நின்றார்கள் என்று அவர் யோசித்ததில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு போக்குவாவின் பின்னால் நடந்தார்.

கதவைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. தொங்கியது அவர் விற்ற பூட்டு. திங்கட்கிழமை அதை வந்து வாங்கியவள் டாச்சியின் அக்கா என்பது அதுவரை அவருக்குத் தெரியாது. அவரே வந்து மாட்டிக் கொடுத்து, "யானை இழுத்தாலும் வராதுக்கா" என்று தட்டியும் காட்டினார். அன்று அவளிடம் எந்தச் சாமானும் கேட்கவில்லை. திறக்கத்தான் அவரிடம் சட்டம் இருந்தது, பூட்ட இல்லை. இது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

குழப்பத்தில் வாய் பழக்கப்பட்டதைச் சொல்லிவிட்டது. "கொண்டை ஊசியைக் கழட்டிக் குடும்மா."

போக்குவா தலைத்துணியை அவிழ்த்தாள். துக்கத்துக்காக மழித்த தலை. அடார்க்வாவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"வேற ஏதாவது? அடுப்பு, கரண்டி..."

"முத்தத்துல கிடந்ததைக்கூட உள்ள போட்டுப் பூட்டிட்டாங்க மாஸ்டர். இந்தத் துணி என் தங்கச்சியோடது. செருப்பு எசி அக்காவோடது."

அந்த வீட்டுச் சாமான் வெளியே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு, ஒரு கறுப்புக் குடையை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் நானா அம்பொன்சா, டாச்சியின் தாய்வழிக் குடும்பத்தின் மூத்தவர். அடார்க்வா வேறு வழி தெரியாமல் குடையைச் சுட்டிக்காட்டிக் கேட்டார். "இது யார் வீட்டுச் சாமான்?"

"டாச்சியோடதுதான்!" காராமணி போட்ட வாச்சே சோறு விற்கும் எசி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "மழை கொட்டும்போது அந்தக் குடையைப் பிடிச்சிக்கிட்டே வண்டி கழுவுவானே, பைத்தியக்காரன்!" சொல்லிவிட்டு அவளே அழுதாள். இன்னும் இரண்டு குரல் ஆமாம் என்றன.

மூன்று சாட்சி. சட்டப்படி பார்த்தால் வீடு குடை பிடித்திருக்கிறவருக்கு. அவரோ திறக்க விடாமல் காவல் இருக்கிறார். திறக்கச் சொல்கிறவளிடம் ஒரு ஊசிகூட இல்லை. இருபது வருஷம் படுத்து எழுந்த அறை அவளுடையது என்று ஊருக்கே தெரியும், சட்டத்துக்குத்தான் தெரியவில்லை. டை கட்டியவனைத் தடுக்கப் போட்ட சட்டம் மழித்த தலைக்காரியைத் தடுத்துக்கொண்டு நின்றது. அடார்க்வா சுத்தியலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"என்ன மாஸ்டர், நம்ம வழக்கம் உனக்குத் தெரியாதா?" என்றார் நானா. "நான் ஒண்ணும் பேய் இல்லப்பா. போன வருஷம் என் தம்பி போனப்ப கதவைத் திறந்து போட்டோம். டிவி போச்சு, மெஷின் போச்சு, கடைசில கட்டிலும் போச்சு. எல்லாரும் என்னைத்தான் கேட்டாங்க."

"நியாயம்தான் நானா."

"அப்ப என் பொண்ணு படிப்பு?" என்றாள் போக்குவா.

"அதுவும் நியாயம்தான்."

"ரெண்டுல எது மாஸ்டர்?" எசி மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "வாயில கொழுக்கட்டையா?"

அடார்க்வாவுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இரண்டு பேர் மேலும் பாவமாக இருந்தது, தன் மேல் கோபமாக இருந்தது. போக்குவாவின் மகள் செர்வா மட்டும் போனில் மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தேகால்.

"நானா, பேப்பர் மட்டும்" என்றார் கடைசியில். "நீங்க பாத்துக்கிட்டே இருங்க. எல்லாரும் பாக்கட்டும். அந்தக் குடையைக் குடுங்க."

"குடை எதுக்கு?"

"கம்பிக்கு."

"உடைப்பியா?"

"உடைச்சாத்தான் கம்பி."

நானா குடையைப் பார்த்தார், செர்வாவைப் பார்த்தார். "பேப்பர் மட்டும். உடனே பூட்டிடணும்" என்று குடையை நீட்டினார். கொடுத்த பிறகு கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டார்.

தான் விற்ற பூட்டு இவ்வளவு நல்ல பூட்டு என்று அடார்க்வா அன்றுதான் கண்டார். முதல் கம்பி வளைந்தது. இரண்டாவது உடைந்தது. இது திறக்காமலே போனால் நல்லது, பழி பூட்டின் மேல் போகும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்காக வெட்கப்பட்டு மூன்றாவது கம்பியை இன்னும் பதமாகத் தேய்த்தார். பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பூட்டு வாயைத் திறந்தது. யாரும் கை தட்டவில்லை.

செர்வா உள்ளே ஓடி, கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியைத் திறந்து, பழுப்பு உறையை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினாள். பிறகு தெருவுக்குப் பறந்தாள். அவளுக்கு வண்டி கிடைத்ததை எசி வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். போக்குவா உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடி கட்டிலைப் பார்த்தாள். அதன் மேல் டாச்சியின் சட்டை, ஒரு கை உள்ளே மடிந்து, கழற்றிப் போட்டபடியே கிடந்தது.

"பூட்டு மாஸ்டர்" என்றார் நானா. குரலில் கடுமை இல்லை, களைப்புதான் இருந்தது.

அடார்க்வா கதவைச் சாத்தினார். நானாவுக்கு முதுகைக் காட்டி நின்று, பூட்டை நிலையில் இருந்த வளையத்தில் மட்டும் கோத்து அழுத்தினார். 'டக்'கென்ற சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது, நானா தலையை ஆட்டினார். வளையத்தில் மாட்டாமல், தொட்டாலே கதவு திறக்கும்படி விட்ட கதவுக் கொண்டியை, போக்குவா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அடார்க்வா ஒற்றை விரலால் பூட்டுக்குப் பின்னால் மெல்லத் தள்ளி மறைத்தார்.