சூளைக்குள் இருந்து கத்தியவன்

புத்தி உள்ள எவனும் அணைந்த சூளைக்குள் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டு, வாசலைச் செங்கல் வைத்து அடைக்கச் சொல்ல மாட்டான். நான் சொன்னேன். அதற்குச் சாட்சியாக ஒரு பீங்கான் கோப்பையின் காது மட்டும் இன்றும் என் மேசையில் கிடக்கிறது. கோப்பை இல்லை.

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் எனக்குச் சூளை அடுக்கும் வேலை. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டய்யா. தான் துப்புத் துலக்கிய வழக்குகளையே மர்ம நாவல்களாக எழுதிக்கொண்டிருந்தார். அவர் கதையில் போலீஸ் தோற்றதே இல்லை. அதில் எங்காவது தலைகாட்டிவிட வேண்டுமென்று எனக்கு ஒரே ஆசை. பிணமாக வந்தாலும் சரி என்று சொல்லி வைத்திருந்தேன்.

அப்போது எழுதிக்கொண்டிருந்தது ஒரு சூளைக் கொலை. எங்கோ ஒரு செங்கல் காளவாயில் ஒருவனை உள்ளே தள்ளி அடைத்துவிட்டார்கள். வெளியே காவலுக்கு இருந்த வாட்ச்மேன், “எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க” என்றே சாதித்தானாம். கேட்காமல் இருக்குமா, இவனும் கூட்டு என்று வழக்கைக் கட்டியவர் ஏட்டய்யா. வாட்ச்மேனுக்கும் ஆயுள் தண்டனை. எழுதும்போது அந்த இடத்தில் வந்து பேனா நின்றுவிட்டது.

“உள்ள இருந்து கத்துனா வெளிய கேக்கும்தான தம்பி?”

“கேக்காமயா? நானே உள்ள போயி கத்தறேன், வாங்க.”

பட்டறை விடுமுறையன்று அவரே செங்கல் அடுக்கிக் களிமண் பூசினார். என் சத்தம் கேட்டதும் அவர் கல்லைப் பிடுங்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. கடைசிக் கல் விழுந்ததும், “ஐயோ, கொல்றாங்க” என்று நாடகக் குரலில் கத்தினேன். கல் அசையவில்லை. நிஜக் குரலில் கத்தினேன். அசையவில்லை. சத்தமே கேட்காவிட்டால் கல்லைப் பிடுங்குவது எப்போது? எங்கள் ஏற்பாட்டில் இருந்த ஓட்டை அப்போதுதான் உறைத்தது. கையில் அகப்பட்ட கழிவுக் கோப்பையால் சுவரை இடித்தேன். காது மட்டும் மிஞ்சியது. 

ஒரு வழியாக ஒரு கல் விலகியது. “எவ்வளவு நேரம்டா காத்திருக்கறது, கத்தித் தொலையேன்” என்றார் ஏட்டய்யா.

கத்திக் கத்தி எனக்குக் குரல் போயிருந்தது. ஓட்டை வழியாகக் கோப்பைக் காதை நீட்டினேன். அதைப் பார்த்தவர் அப்படியே செங்கல் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் எழுதியதெல்லாம் அந்த வாட்ச்மேனை விடச் சொல்லி மேலிடத்துக்கு மனுக்கள். ஒன்றுக்கும் வழி பிறக்கவில்லை. இப்போதெல்லாம் பட்டறைகளில் சூளைக்கு இரும்புக் கதவு வந்துவிட்டது. அதைத் திறந்துவைத்துவிட்டுத்தான் நான் பக்கத்தில் நிற்பேன். அவர் மட்டும் அந்தச் சூளையை விட்டுக் கடைசிவரை வெளியே வந்ததாகத் தெரியவில்லை. அது நடந்து சில வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவரைச் சிரிக்கவைக்கலாமென்று, இதே கோப்பைக் காதை அவர் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“கதைய முடிங்க ஏட்டய்யா, பொணத்துக்கு நரை வந்திடுச்சி.”

“அவன் இன்னும் உள்ளதான் இருக்கறான்.”