மஞ்சள் ஊசி, நீல ஊசி

சரோஜினி போய்விட்டார் என்று அவருடைய தம்பி நானுஓயாவிலிருந்து அழைத்துச் சொன்னபோது, நான் நோர்வூட் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். கண் கலங்கியது. அடுத்த நிமிடமே, "இனி மூட்டு நீர் பார்க்க என்னைத்தானே தேடுவார்கள்" என்றும் நினைத்தேன். அவரை அறிந்த நீங்கள் என்னைத் திட்டலாம். எனக்கு அவர்மேல் இருந்தது பொறாமை. இறந்துவிட்டார் என்பதற்காக அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன்.

வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே படிப்பு, ஒரே நுணுக்குக்காட்டி. வீங்கிய முழங்காலிலிருந்து எடுத்த நீரில் ஊசி போன்ற யூரிக் அமிலப் பளிங்குகள் இருக்கின்றனவா என்று நானும் சரியாகத்தான் பார்ப்பேன். ஆனாலும் வார்ட்டிலிருந்து அழைப்பவர்கள், "மிஸ் இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். அவர் நோயாளியையே உள்ளே அழைத்துப் பார்க்க வைப்பார். கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர், இது பனியில் நின்று வந்த வாதம் என்று, மாத்திரையைத் தொடாமல் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஒங்க மொழங்கால்ல குத்துறது இதுதாங்க. எண்ணெய்க்குக் கரையாதுங்க" என்று சொல்லி, சரோஜினி நுணுக்குக்காட்டியின் தட்டைத் திருப்பினார். மஞ்சளாகத் தெரிந்த ஊசிகள் நீலமாயின. "ஆத்தாடி, இம்புட்டு ஊசியா!" என்றார் அந்த அம்மா. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, அடுத்த முறை வீட்டுக்குப் பின்னால் விளைந்த ஒரு பை லீக்ஸுடன் நடந்தே வந்தார். லீக்ஸ் சரோஜினிக்கு மட்டும்.

நானும் விடவில்லை, ஒருவரை அழைத்து வந்தேன். குனிந்து பார்த்தவர், "ஒண்ணும் தெரியலீங்க சேர். மிஸ்ஸக் கூப்பிடுங்களேன்" என்றார். சரோஜினி வந்து அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். அவ்வளவுதான், எல்லாம் தெரிந்துவிட்டது. "மூர்த்தி, நீங்க பளிங்கத்தான் பாக்குறீங்க, ஆளப் பாக்குறதில்ல" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் ஒரு பெரியவரின் மூட்டு நீர் வந்தது. அவரை உள்ளே அழைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, தட்டைத் திருப்பினேன்.

"தெரியுதுங்க சேர், ஊசி ஊசியா!"

பெருமையாக நிமிர்ந்தேன்.

"எங்க வீட்டுக்காரிக்கும் அந்த மிஸ்ஸு இப்படித்தான் காட்டுனாங்க. அவங்க இல்லீங்களா?"

"இன்னைக்கு வரலீங்க" என்றேன்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லும் பழக்கத்தை சரோஜினியிடமிருந்து எடுத்துக்கொண்டேன். பொறாமையையும் வைத்துக்கொள்கிறேன். அவரை விட்டால், பொறாமைப்பட எனக்கு அங்கே வேறு யார் இருக்கிறார்கள்?