பதிலளிப்பவர் எண் ஒன்று

பல்கலைக்கழகத்தின் பின்வாசலைத் தாண்டினால் முதலில் சைக்கிள் நிறுத்தம், அடுத்து நகல் எடுக்கும் கடை, அதற்கடுத்து ஒரு தையல்காரம்மாவின் வீடு. அறிவுலகம் அந்த வீட்டைத் தேடி வந்ததற்கு வேறு காரணமே கிடையாது. ஆய்வுக்குக் கிளம்பும் பிள்ளைகள் வெயிலில் எவ்வளவு தூரம்தான் நடப்பார்கள்? கைப்பையும் வினாத்தாளுமாக வெளியே வந்து, கண்ணில் பட்ட முதல் கதவைத் தட்டிவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கதவைத் திறந்தவளுக்குத் தெருவில் முதல் வீட்டக்கா என்று பெயர்.

ஜன்னலோரம் தையல் மெஷின். எதிரே ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. திரைச்சீலைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் நின்றபடியே பேசிவிட்டுப் போக வேண்டியதுதான். நாற்காலி கேள்வி கேட்பவர்களுக்கு. அதில் உட்காராத துறையே இல்லை என்று அக்கா பீற்றிக்கொள்வாள். பாதிக்கு மேல் உண்மைதான்.

விலங்கியல் படித்த ஒருவன் மூன்று மாதம் குழாயடியில் கொசுப்பொறி வைத்து, தினமும் காலையில் வந்து சொந்தக்காரர்களை விசாரிப்பதுபோல் கொசுக்களை விசாரித்தான். வேதியியல்காரர்கள் குடிநீரைக் குப்பி குப்பியாக எடுத்துப் போனார்கள். தூக்கத்தை ஆராய்ந்தவள் அக்காவின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டுப் போய், ஒரு வாரம் கழித்து, அவள் ஐந்து மணி நாற்பது நிமிஷம்தான் தூங்குகிறாள் என்று படம் போட்டுக் காட்டினாள். அன்று முதல் அக்காவின் மத்தியானத் தூக்கத்துக்கு அறிவியல் ஆதாரம் வந்துவிட்டது. மை கொட்டிய தாளை நீட்டி "என்ன தெரியுது?" என்று கேட்ட உளவியல்காரரிடம், "கழுத்து வெட்டு கோணலா இருக்கு" என்றாள். வரலாற்றுக்காரர் அவளுடைய கல்யாணப் படத்தைக் கேட்டு வாங்கி, மணமக்களை விட்டுவிட்டு, பின்னால் தெரிந்த இடிந்த கட்டடத்தை மட்டும் பெரிதாக்கிக்கொண்டு போனார்.

மொழியியல் படித்த பெண் ஒரு நாள் உறவுமுறைச் சொற்களைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"வீட்டுக்காரரோட தம்பி மனைவியை என்னன்னு சொல்வீங்க?"

"முறைக்கு ஓர்ப்படி. நேர்ல பேரு சொல்லித்தான் கூப்பிடுவேன். மனசுக்குள்ள கூப்பிடறது வேற. எந்தப் பதிலை எழுதப்போறே?"

அந்தப் பெண் மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டாள். நல்ல ஆய்வாளர்.

இத்தனை வருஷத்தில் அக்காவுக்கும் தொழில் பிடிபட்டுவிட்டது. "வயசை எடுத்த எடுப்பில கேக்காதப்பா, கடைசியில கேளு" என்பாள். "இது ஒரே கேள்வி மாதிரி தெரியுது, ஆனா ரெண்டு இருக்கு, பிரிச்சுக் கேளு" என்பாள். பொய் சொன்னதில்லை. எந்தக் கேள்வியையும் காலியாக விட்டதில்லை. ஒரு சமூகவியல்காரன் முடித்த ஆய்வேட்டைக் கொண்டுவந்து காட்டியபோது, அதில் "பதிலளிப்பவர் எண் 1, பெண், வயது 41, தையல்" என்று இருந்ததை விரலால் தடவிப் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷர், வாய்தான் திறக்க மாட்டார். நாளெல்லாம் கம்பிவடத்தோடும் கப்பியோடும் மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர். அவருக்கு மின்விசிறி சத்தம் போட்டால் கழற்றத் தெரியும், குழாய் ஒழுகினால் அடைக்கத் தெரியும். பேச்சென்று வந்தால் முடிந்துபோன விஷயத்தை அறிவிப்பதோடு சரி. பணி ஓய்வுக்கு நான்கு மாதம் இருக்கையில், ஒரு சாயங்காலம் செருப்பைக் கழற்றியபடியே அறிவித்தார்:

"தம்பி பக்கத்து வீடு காலியாகுதாம். நாம வர்றோம்னு சொல்லிட்டேன்."

அவர் தம்பி இருப்பது எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில். அங்கே பல்கலைக்கழகமும் இல்லை, நீல நாற்காலிக்கு வேலையும் இல்லை. பக்கத்துச் சுவருக்கு அப்பால் ஓர்ப்படி. காலை முதல் இரவு வரை அவளை ஒரு கேள்வி கேட்க ஆள் இருக்காது. போக அவளுக்குத் துளியும் இஷ்டமில்லை.

ஆனால் சொல்லவில்லை. வாயாடி என்று பெயரெடுத்தவள் ஏன் சொல்லவில்லை என்று நகல் கடைக்காரருக்கே ஆச்சரியம். விஷயம் இதுதான்: கேட்டால் அக்கா கொட்டித் தீர்த்துவிடுவாள். கேட்காத இடத்தில் சொல்லிப் பழக்கமில்லை. கணவர் கேட்பார் கேட்பார் என்று மூன்று மாதம் காத்திருந்தாள். அவர் அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்தார்.

பாத்திரமெல்லாம் பெட்டிக்குள் போய்விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. ஒல்லியாக ஒரு பெண், கையில் புத்தம்புது வினாத்தாள். குடும்பங்கள் ஏன் வீடு மாறுகின்றன என்பது ஆய்வாம்.

"சரியான வீட்டுக்குத்தாம்மா வந்திருக்கே" என்று அக்கா நாற்காலியைக் காட்டினாள்.

கணவர் ஸ்டூல் மேல் ஏறி, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெயர், தொழில், எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்பதெல்லாம் மளமளவென்று ஓடியது.

"வீடு மாறணும்னு முடிவெடுத்தது யாருங்க?"

"அவருதான்."

"உங்க விருப்பத்தைக் கேட்டாங்களா? ஆம், இல்லை, பொருந்தாது. மூணுல ஒண்ணு சொல்லுங்க."

மெஷின் சக்கரத்தில் அக்காவின் கை நின்றது. ஸ்டூல் மேல் ஸ்க்ரூடிரைவரும் நின்றது.

"இல்லைன்னு போட்டுக்கோ."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? இதுக்கு நீங்க விரும்பினபடி சொல்லலாம். நாலு வரி இடம் இருக்கு."

அக்கா அந்த நாலு வரியை எட்டிப் பார்த்தாள். கொசுவைப் பற்றிக் கேட்டார்கள், தண்ணீரைப் பற்றிக் கேட்டார்கள், இவள் எத்தனை மணி நேரம் தூங்குகிறாள் என்றுகூடக் கேட்டார்கள். ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் எத்தனை அக்கறையாகக் கேட்டார்கள்.

"அதைக் கேக்க வேண்டியவர் கேக்கலியேம்மா. உன்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? காலியா விட்டுடு."

அந்தப் பெண் தயங்கி, அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். வயதை அவள் கடைசியில்தான் கேட்டாள். அதற்காக அக்கா அவளைப் பாராட்டி அனுப்பினாள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது அவர் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அதில் உட்கார்ந்து அக்கா பார்த்ததில்லை. தொண்டையைச் செருமினார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் செருமினார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் முதல் நாள் வரும் பிள்ளைகள் முழிப்பார்களே, அந்த முழி.

"உனக்கு... அங்க போக இஷ்டமா?"

அக்கா மெஷின் முன்னால் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஆமா, இல்லைன்னா போதுமா? விரிவாச் சொல்லணுமா?"

"விரிவாவே சொல்லு."

"நாலு வரியில அடங்காதுங்க."

அவர் எழுந்து, கடிகாரத்தைக் கொண்டுபோய்ப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சொல்லு" என்றார்.